அகராதியில் ஒன்பது வரி

ஹார்லோ குடியிருப்பு, மேய்ன்
1807 அக்டோபர் 12

அண்ணா,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். உங்கள் நலம் விசாரிக்க இல்லை. நீங்கள் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு டோர்கஸ் ஏம்ஸ் ஆற்றுத்துறைக் கடையிலிருந்து உப்பிட்ட மீன் வாங்கி வந்தாள். மீனைச் சுற்றியிருந்த பாஸ்டன் செய்தித்தாளில் உங்கள் பெயர் இருந்தது. "நியூ இங்கிலாந்துப் பெரியோர் அகராதி. ஆயிரத்து நூறு பேரின் வாழ்க்கை. எல்ம்ஸ்ஃபீல்ட் சபைப் போதகரும் அகாடமித் தலைவருமான அசரியா விட்கோம் தனியொருவராக உழைத்துத் தொகுத்தது. விரைவில் வெளிவரும்."

மீன் வாடையோடு அதை மூன்று முறை படித்தேன். தனியொருவராக என்றுதான் போட்டிருந்தது.

என் கணவர் பெலேக் உங்கள் அகாடமியில் பதினோரு வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். விடுமுறை விட்ட அன்றே குதிரையேறிவிடுவார். கல்லறைக் கற்களில் பாசியைச் சுரண்டித் தேதி பார்த்தவர் அவர். சபைப் பதிவேடுகளை எலி தின்பதற்குள் நகலெடுத்தவர் அவர். வயதான விதவைகளின் அடுப்படியில் உட்கார்ந்து, செத்துப்போன புருஷன்மாரின் கதையைப் பொறுமையாகக் கேட்டவரும் அவர்தான். அப்படிச் சேர்ந்த பத்தொன்பது நோட்டுகளை நான் தைத்தேன். நீங்கள் மேசையில் உட்கார்ந்து முன்னுரை எழுதினீர்கள். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த வசந்தத்திலிருந்து பெலேக் இரத்தமாக இருமுகிறார். வருடத்துக்கு இரண்டு முறை வரும் வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டு, "இன்னொரு குளிர்காலம் தாங்குவாரான்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

நான் எழுதுவது பெலேக்குக்குத் தெரியாது. கேட்பது ஒன்றுதான். புத்தக முகப்பில் உங்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

கெசியா

*

எல்ம்ஸ்ஃபீல்ட் அகாடமி
1807 நவம்பர் 9

கர்த்தருக்குள் சகோதரி கெசியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மிகவும் கெட்டுப்போயிருக்கிறது. வாசிப்புப் பழக்கத்தையாவது விட்டுவிடாதே.

நீ கேட்டது நடக்காது. அந்த நோட்டுகளை நிரப்பியவன் அகாடமியின் ஊழியன். எனவே அவை அகாடமியின் சொத்து. கல் சுமந்தவன் பெயரை யாரும் ஆலயக் கதவில் எழுதுவதில்லை. மேலும், தேவனைப் பற்றிச் சபை நடுவில் எழுந்து நின்று அப்படிப் பேசிய ஒருவனுடைய பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் கண்டால், பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் கையில் இந்நூலைக் கொடுப்பார்களா?

ஆனாலும் நான் இரக்கமற்றவனல்ல. இந்த அகராதியின் விதி உனக்குத் தெரியும்: இறந்தவர்களுக்கு மட்டுமே இதில் இடம் உண்டு. அச்சகத்தார் அகரவரிசைப்படி அச்சிட்டு வருகிறார்கள். டி எழுத்து மே மாதத்தில் அச்சேறும். அதற்குள் கர்த்தர் பெலேக் ட்ரேசியை அழைத்துக்கொண்டால், டி எழுத்தில் அவனுக்கும் சில வரிகள் ஒதுக்குவேன். நியாயமாக எழுதுவேன். பிந்தினால் என்னால் ஆவது ஒன்றுமில்லை.

எதற்கும் அவனுடைய பிறந்த தேதி, தகப்பன் பெயர், தொழில் முதலியவற்றை இப்போதே எழுதி அனுப்பு. மற்றத் தேதியைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

அசரியா விட்கோம்

*

ஹார்லோ குடியிருப்பு
1807 டிசம்பர் 14

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். பெலேக் பார்த்துவிட்டார். வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, துணி முழுக்கச் சிவப்பானது. மூச்சு வந்ததும் சொன்னார்: "உங்க அண்ணன் எனக்குக் கெடு வச்சுட்டாரு பாத்தியா? மே மாசம். வைத்தியரே தேதி சொல்லலை, இவரு சொல்லிட்டாரு."

'அப்படிப் பேசியவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பேசினார் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

என் குழந்தை ரூத் பத்தொன்பது நாள்தான் இருந்தாள். நீங்கள் பாஸ்டனில் இருந்ததால் ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. அடக்கத்தன்று அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது. ரொட்டிப் பெட்டியைவிடச் சின்னது. நீங்கள் பிரசங்க பீடத்தில் நின்று, "தேவன் இந்தச் சிசுவை அக்கினிக்கு ஒப்புக்கொடுத்தாலும் அவர் நீதியுள்ளவரே" என்றீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

அப்போதுதான் பெலேக் எழுந்தார். "அப்படிப்பட்ட தேவனைவிட எங்க வீட்டுப் பூனை மேல். அது தன் குட்டியை நெருப்புல போடாது" என்றார். இவ்வளவுதான் பேசினார். ஒரு மாதத்துக்குள் அவருக்கு வேலை போனது. மூப்பர்கள் முன் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் நீங்கள்தான்.

பிறந்த தேதி கேட்டீர்கள். 1766 பிப்ரவரி 2. தகப்பன் செருப்புத் தைத்தவர். பெலேக்கே சொல்லச் சொன்னார். "கொடு, கெசியா. ஆயிரம் பேருக்கு நாலு நாலு வரி தேடி அலைஞ்சிருக்கேன். எனக்கும் நாலு வரி வந்தா நல்லாத்தான் இருக்கும். என்ன, படிக்க நான் இருக்கமாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிறகு வெகுநேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

கெசியா

*

எல்ம்ஸ்ஃபீல்ட் அகாடமி
1808 ஜனவரி 20

சகோதரி கெசியாவுக்கு,

அச்சகத்தார் வேகம் காட்டுகிறார்கள். டி எழுத்து ஏப்ரல் நடுவிலேயே அச்சேறும் என்று தெரிகிறது. பெலேக்கின் நிலை என்ன என்று மழுப்பாமல் எழுது.

உன் கடிதத்தை வைத்து ஜெபித்தேன். எனக்கு ஒரு வழி தோன்றியது. இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. அதில் நான் எழுதியிருப்பது இதுதான்: "பெலேக் ட்ரேசி ஆகிய நான், ஞானஸ்நானமின்றி இறந்த சிசுக்களைப் பற்றி எல்ம்ஸ்ஃபீல்ட் சபையில் பேசியது தேவதூஷணம் என்றும், என் குழந்தையைக் குறித்துப் போதகர் சொன்னதே சரி என்றும் அறிக்கையிடுகிறேன்." இதில் அவன் கையெழுத்திட்டால் அவனை முகப்பிலேயே போடுகிறேன். என் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில். நீ கேட்டதைவிட அதிகம்.

ஒரு கையெழுத்துதான். வீம்புக்காக அதை மறுத்தான் என்றால், பதினோரு வருட உழைப்பைத் தூக்கி எறிந்தவன் நானல்ல.

அசரியா

*

ஹார்லோ குடியிருப்பு
1808 பிப்ரவரி 22

அண்ணா,

தாளை அவர் முன் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. ஆனால் முகப்பில் அவர் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னைக் குருடாக்கிவிட்டது. "போட்டுடுங்களேன். ரூத்துக்கு இனிமே என்ன ஆகப்போகுது? அவளுக்கு இது தெரியவா போகுது?" என்று நான்தான் கெஞ்சினேன். பெற்றவள் வாயாலேயே கேட்டேன்.

பெலேக் என்னை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். "என் பேரு புத்தகத்துல வரணும்னு என் பிள்ளையை நெருப்புல தள்ளச் சொல்றியா?" என்றார். தாளை மடித்து அடுப்பில் போட்டார். எழுந்து நிற்க முடியாதவர், படுக்கையிலிருந்து தவழ்ந்து போய்ப் போட்டார்.

கெசியா

*

ஹார்லோ குடியிருப்பு
1808 மார்ச் 14

அண்ணா,

பெலேக் மார்ச் 11ஆம் தேதி காலையில் இறந்துவிட்டார். அமைதியாக இறந்தார்.

நியாயமாக எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். எழுதுங்கள்.

கெசியா

*

எல்ம்ஸ்ஃபீல்ட் அகாடமி
1808 ஏப்ரல் 8

சகோதரி கெசியாவுக்கு,

கர்த்தர் கொடுத்தார், எடுத்தார். உனக்கு ஆறுதல் உண்டாகட்டும்.

உன் கடிதம் சரியான சமயத்தில் வந்தது. இரண்டு நாள் தாமதித்திருந்தால் அவன் அகராதிக்கு வெளியே நின்றிருப்பான். ஒன்பது வரி ஒதுக்கியிருக்கிறேன். அவனைவிடப் பெரிய சிலருக்கு ஆறு வரிதான். நூலைத் தைத்துக் கட்டி முடித்ததும் ஒரு பிரதி கப்பலில் அனுப்பிவைக்கிறேன்.

இனி அந்தக் காட்டில் உனக்கு என்ன வேலை? என் மனைவி போன பிறகு வீட்டையும் மாணவர் பந்தியையும் கவனிக்க ஒரு பெண் தேவை. வா. வருவதற்கு முன், சபையின் முன் நின்று உன் கணவனின் வார்த்தையில் உனக்குப் பங்கில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அது ஐந்து நிமிட வேலை.

அசரியா

*

ஹார்லோ குடியிருப்பு
1808 ஜூலை 18

அண்ணா,

பெலேக் உயிரோடு இருக்கிறார்.

மார்ச்சில் நான் எழுதியது பொய். செத்தவரைப் பற்றி நீங்கள் கொடூரமாக எழுதமாட்டீர்கள் என்று நம்பினேன். பத்தொன்பது நோட்டுகளைப் பற்றி ஒரு வரி வரும், நல்ல மனிதர் என்று ஒரு வரி வரும், கண் மூடுவதற்குள் அவரே அதைப் பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். 'படிக்க நான் இருக்கமாட்டேன்' என்று அவர் சொன்னது என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. வேறொன்றும் காரணமில்லை.

புத்தகம் ஜூலை 6ஆம் தேதி வந்தது. டோர்கஸ்தான் துறையிலிருந்து தூக்கி வந்தாள். பெலேக்கை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். ஓரம் வெட்டாமல் ஒட்டியிருந்த தாள்களை ரொட்டிக் கத்தியால் அவரே பிரித்தார். தான் எழுதிய வாக்கியங்களைக் கண்டபோதெல்லாம், "இது நான், இதும் நான்" என்று தடவிக் காட்டினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு நான் டி எழுத்தைப் புரட்டிக் கொடுத்தேன். அவர் உரக்க வாசித்தார். நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன்:

"ட்ரேசி, பெலேக். எளிய செருப்புத் தொழிலாளிக்கு 1766இல் பிறந்தார். இந்நூலாசிரியரின் தயவால் எல்ம்ஸ்ஃபீல்ட் அகாடமியில் கீழ்நிலை ஆசிரியராக இருந்தார். குறிப்புகளை நகலெடுப்பதில் சிறிது உதவினார். லத்தீன் ஓரளவு அறிந்தவர். அடக்கமற்ற நாவால் பதவி இழந்து, மேய்ன் காட்டில் வறுமையில் வாழ்ந்தார். மரணப்படுக்கையில் மனக்கண் திறக்கப்பெற்று, சிசுக்களைக் குறித்துத் தாம் பேசியது தேவதூஷணம் என்று கண்ணீரோடு அறிக்கையிட்டு, மனந்திரும்பியவராக 1808 மார்ச் 11 அன்று இறந்தார். இதனை அவர் மனைவியின் கடிதத்தால் அறிகிறோம்."

வறுமை வரைக்கும் பெலேக் சிரித்துக்கொண்டுதான் வாசித்தார். "லத்தீன் ஓரளவாம்! அவரோட லத்தீனைத் திருத்திக் கொடுத்ததே நான்தானே!" அப்புறம் மீதியை உதட்டுக்குள் வாசித்தார்.

"மார்ச் பதினொண்ணு நாம என்ன பண்ணிட்டிருந்தோம், கெசியா?"

"மேப்பிள் மரச் சாறு காய்ச்சிட்டிருந்தோம். நீங்க நுரையை நக்கிப் பாத்தீங்க."

"உன் கடிதத்தால அறிகிறோம்னு போட்டிருக்கே?"

எல்லாவற்றையும் சொன்னேன். செத்ததாக எழுதினேன், மனந்திரும்பியதாக எழுதவில்லை என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் கேட்டார்: "செத்துட்டேன்னு எழுதத் துணிஞ்சவ, திருந்திட்டேன்னு எழுதத் தயங்குவியா? அன்னைக்கு அந்தத் தாளை நீட்டினதும் நீதானே?"

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. கஞ்சியை டோர்கஸ் ஊட்டினால்தான் வாய் திறக்கிறார்.

நேற்று அவளிடம் இறகுப் பேனாவும் மையும் கேட்டு வாங்கி, பாஸ்டன் செய்தித்தாளுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். தான் உயிரோடிருப்பதாகவும், ஒரு வார்த்தையையும் தான் திரும்பப் பெறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பத்து வரி எழுத அவருக்கு ஒரு பகல் முழுக்க ஆனது.

அண்ணா, நான் பொய் சொன்னவள். என்ன தண்டனையும் கொடுங்கள், சபை நடுவில் முழங்காலில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். இரண்டு காரியம் செய்யுங்கள். விற்காத பிரதிகளிலிருந்தாவது அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். என் மார்ச் கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். நாலே வரிக் கடிதம். அதில் அறிக்கையும் இல்லை, கண்ணீரும் இல்லை என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் சாட்சி. அதுவும் உங்கள் பெட்டியில் இருக்கிறது.

சீக்கிரம் அனுப்புங்கள். அவர் இப்போது எலும்பாகக் கிடக்கிறார்.

கெசியா

*

எல்ம்ஸ்ஃபீல்ட் அகாடமி
1808 ஆகஸ்ட் 15

கெசியா,

ஒரு போதகனுக்கு, கூடப்பிறந்த அண்ணனுக்கு, மரணத்தைப் பற்றிப் பொய் எழுதினாய். இப்போது அதை நான் சுமக்க வேண்டும் என்கிறாய்.

செய்தித்தாள் ஆசிரியர் என் மேலுள்ள மரியாதைக்காக அந்தக் கடிதத்தை அச்சிடாமல் என்னிடம் அனுப்பி விளக்கம் கேட்டார். நான் விளக்கம் எதுவும் எழுதவில்லை. உன் மார்ச் கடிதத்தை மட்டும் அனுப்பிக் காட்டினேன். மனைவியே தன் கையால் எழுதிய மரணச் செய்தி. பெலேக் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தின் கையெழுத்தோ நடுங்குகிறது, பழைய நோட்டுகளோடு ஒத்துப்போகவில்லை. துக்கத்தில் மனம் பேதலித்த ஒரு விதவையின் வேலை என்று அவரே முடிவுக்கு வந்தார். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஆகவே அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கில்லை. அது என் பெட்டியில் இருக்க வேண்டிய ஆவணம். தாளையும் எடுக்க முடியாது. நானூறு பேர் கையில் நூல் போய்விட்டது. அடுத்த மாதம் கல்லூரி எனக்கு வேதசாஸ்திரப் பட்டம் தருகிறது. உயிரோடிருப்பவனைப் புதைத்த அகராதி என்று என் மேல் யாரும் விரல் நீட்ட நான் இடம் கொடுக்கமாட்டேன்.

மனந்திரும்பியதாக எழுதியது பொய் என்கிறாய். உன் கடிதத்தை நீயே நினைத்துப் பார். 'அமைதியாக இறந்தார்' என்று எழுதினாய். மனந்திரும்பாதவன் அமைதியாக இறப்பானா? உன் வார்த்தைக்குள் இருந்ததைத்தான் நான் விரித்து எழுதினேன். அவன் பெயரைக் காப்பாற்றவே எழுதினேன். அன்புக்காகச் செய்தேன், கெசியா. வருங்காலத்துப் பிள்ளைகள் அவனை ஒரு கலகக்காரனாக அல்ல, இரட்சிக்கப்பட்டவனாகப் படிப்பார்கள்.

இது உன் கையில் சேரும்போது காரியம் தானாகவே முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால், வீட்டில் இடம் இன்னும் இருக்கிறது.

அசரியா

*

ஹார்லோ குடியிருப்பு
1808 செப்டம்பர் 20

அண்ணா,

உங்கள் கடிதம் வந்தபோது பெலேக் உயிரோடுதான் இருந்தார். வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை. மனந்திரும்பியதாக எழுதியது நீங்கள்தான் என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி இருந்ததால், இனி என்னோடு பேசுவார் என்று நினைத்தேன்.

பேசினார். டோர்கஸ் தலையணையை உயர்த்தி வைக்க, என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ என்னைச் சாகடிச்ச. அவரு என்னை மாத்திட்டாரு. ரெண்டு பேரும் அன்புக்காகச் செஞ்சேன்னுதான் சொல்றீங்க. ஒரே வயித்துல பிறந்தவங்கதானே."

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். செப்டம்பர் 9ஆம் தேதி, நான் விறகு எடுக்கப் போன நேரத்தில் இறந்தார். நான் வெளியே போகக் காத்திருந்தார் என்று தோன்றுகிறது. அமைதியாக இறந்தாரா என்று எனக்குத் தெரியாது. இந்தமுறை பார்க்காததை எழுதமாட்டேன்.

நான் எல்ம்ஸ்ஃபீல்டுக்கு வரமாட்டேன். இனி உங்களுக்கு எழுதவும் மாட்டேன். அடக்கம் எப்படி நடந்தது என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே போதகர் இல்லை. எட்டுப் பேர் வந்தார்கள். ஆலைக்காரர் சங்கீதம் ஒன்று வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, "மனசைத் தேத்திக்கோம்மா. கடைசியில தேவனோட சமாதானமாகிட்டாரு, அது போதும்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். இரண்டு மாதமாகப் புத்தகம் எங்கள் வீட்டு ஜன்னலில்தான் கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் புரட்டியிருக்கிறார்கள்.

"அவரு சமாதானமாகலை. ஒரு வார்த்தையும் திரும்ப வாங்கலை. அது பொய்" என்று கத்தினேன். யாரும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

இந்த டோர்கஸ் அவருக்கு ஊட்டியவள். செய்தித்தாளுக்கு அவர் எழுதியபோது மைக்கூடு பிடித்தவள். அவள் என் தோளை அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்சம் அழுதுடு, கெசியா. படிச்ச பெரியவங்க விசாரிக்காமலா போடுவாங்க? புத்தகத்துலயே வந்திருக்கே. தேதிதான் தப்பா அச்சாயிருச்சு."

கெசியா ட்ரேசி